நாப்பத்தோராவது மனு

...நீங்களே சொல்லுங்க மேஸ்திரி, இது நியாயமா? நேத்துதான் வேற ஜெயில்லேருந்து மாத்தலாகி வந்தீங்க, இன்னிக்கு மனு எழுதணும்னு வந்து உக்காந்திருக்கீங்க, உங்களுக்கு எங்க தெரியப்போகுது. பதினாறு வருஷமா இந்த லைப்ரரிக்கு நான்தான் ரைட்டர். எவனுக்கு முன்விடுதலை மனு வேணும்னாலும் இந்த மேசைக்குத்தான் வரணும். நாப்பது பேர் வந்தானுங்க, நாப்பது பேரும் வெளிய போயிட்டானுங்க. சமையக்கட்டு மொட்டையன்னு ஒருத்தன்... கல்யாணமே ஆகாதவன். "என் மகள் முகத்தை நினைத்து அழாத நாளில்லை"ன்னு படிச்சான். விடுதலைக் குழு அப்படியே உருகிப்போச்சு.

ஆமா, எல்லாருக்கும் ஒரே மனுதான். பேரையும் நம்பரையும் மட்டும் மாத்துவேன். நல்லா ஓடுற வண்டிய எதுக்குப் பிரிக்கணும்?

என் முறை வந்துச்சு. தகுதி வந்தே ரெண்டு வருஷமாச்சு, ஃபைலு எந்த பீரோவுல தூங்குச்சோ. பாத்தா, குழுவுக்குப் புதுசா ஒரு தலைவியம்மா. பழைய மனு மொத்தத்தையும் உக்காந்து படிச்சிருக்காங்க. யாராவது படிப்பாங்களா மேஸ்திரி அதையெல்லாம்?

நான் "செய்த தவறு"ங்கறேன், அந்தம்மா தலையத் தூக்காமயே "என் உறக்கத்தைத் தின்கிறது"ங்கறாங்க. அடுத்து மகள் வரணுமேன்னு வேற கேக்கறாங்க. நாப்பத்தோரு பேருல நெசமாவே மகள் இருக்கறவன் நான் ஒருத்தன்... அன்னிக்கு அவ ஜெயில் கேட்டுக்கு வெளிய எனக்குப் புதுச் சட்டையோட நின்னா. இருபது வயசு.

யார் எழுதினதுன்னாங்க. நான்தாம்மா, மத்தவனெல்லாம் என்கிட்ட வாங்கிட்டுப் போனவன்னு பெருமையா வேற சொல்லித் தொலைச்சேன். குறிப்புல என்ன எழுதினாங்க தெரியுமா? "பிறர் வருத்தத்தைத் தன்னுடையதாகக் காட்டுகிறார்." என்னோட சரக்குங்க அது! மூணு வருஷம் தள்ளிப் போட்டாச்சு. சொந்தமா எழுதிட்டு வரணுமாம்.

போறப்ப ஒண்ணு கேட்டாங்க. "உங்களால செத்தவர் பேர் என்ன? மனுவுல எங்கயுமே இல்லயே."

இருக்காது. எல்லாருக்கும் பொருந்தணுமேன்னு அந்த எடத்துல "மேற்படி நபர்"னுதானே போடுவேன். போட்டுப் போட்டு... பேரு தெரியும் மேஸ்திரி. என் பக்கத்து வீட்டுக்காரன். வாயில வரல.

மூணு நாளா இந்தத் தாளு இப்படியேதான் கெடக்கு. ஒரு எழுத்து விழல...

ஏன் எந்திரிக்கிறீங்க? உங்க மனுவ அஞ்சு நிமிஷத்துல முடிச்சிடலாம். உங்களுக்கு மகள் உண்டா?

சரி, போங்க. கையில இருக்கற அந்தப் பேனாவ மட்டும் வெச்சுட்டுப் போங்க.