வாசல்காரனிடம் தோற்றது

டீ ஆறிப்போகும், குடியுங்கள் மேடம். நான் எங்கேயும் ஓடிவிடப் போவதில்லை, எதையும் மறைக்கப் போவதுமில்லை. நிதானமாகச் சொன்னால்தான் எனக்கும் கோர்வையாக வரும்.

என் தொழில் மொழிபெயர்ப்பு. ஜப்பானிலிருந்து வரும் தையல் இயந்திரம், பம்பு, இவற்றின் கையேடுகளை வீட்டிலிருந்தபடியே மொழிபெயர்த்துக் கொடுக்கிறேன். 'ஈரக் கையால் தொடாதீர்கள்' என்று எத்தனை தடவை எழுதியிருப்பேன் என்பதற்குக் கணக்கே இல்லை. தம்பி கைபேசி பழுது பார்க்கிறவன், என்னைவிட ரொம்ப இளையவன். அம்மா போனபிறகு அவனுக்கு எல்லாமே நான்தான். இதை நான் சொல்லிக்காட்டுகிறேன் என்று அவன் உங்களிடம் சொல்லியிருப்பான். ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை.

பாத்திரம் கழுவும்போது கண்ணாடி டம்ளர் உடைந்து அவனுடைய வலது உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. அதில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை, அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு விரல்களை மடக்கும் தசைநார் அறுந்திருந்தது. டாக்டர் உள்ளே தைத்து, விரல் அசையாமலிருக்க முன்கை முழுக்க ஒரு பிளாஸ்டிக் பட்டையை மாட்டி அனுப்பினார். பயிற்சி கொடுக்க ஒரு பிசியோ பெண் வீட்டுக்கே வந்தாள்.

"கிழிஞ்ச துணியத் தைச்ச மாதிரிதான்க்கா இது. ஒட்டுறதுக்கு முன்னாடி எதையாவது இறுக்கிப் பிடிச்சா தையல் விட்டுடும். அப்புறம் விரல் மடங்கவே மடங்காது. ஒரு ஸ்பூன்கூடப் பிடிக்க விடாதீங்க" என்றாள். தம்பியும் பக்கத்தில்தான் இருந்தான், ஆனால் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். கேட்ட இரண்டு பேரில் ஒருத்தி மண்டையில்தான் அது ஏறியது.

கை கட்டிக்கிடந்த நாட்களில் அவன் அறைக்கும் கூடத்துக்குமாக அலைந்துகொண்டிருந்தான். அவனிடம் ஒரு ஜப்பானிய கேம் இருந்தது. படத்துக்காக ஆசைப்பட்டு வாங்கிவிட்டு, ஒரு எழுத்தும் புரியாமல் மூலையில் போட்டிருந்தான். கைபேசியை நீட்டி மொழிபெயர்த்துப் பார்த்தானாம். 'வாளே, உன் வயிற்றுக்கு நன்றி' என்று வந்ததாம். நான் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன்.

உங்களுக்கு இதெல்லாம் பழக்கமில்லை என்றால் சொல்கிறேன். பாதி நாவல், பாதி சண்டை. திரையில் ஒரு பெண் நிற்பாள், கீழே அவள் பேசுவது எழுத்தாக ஓடும். என்ன பதில் சொல்வது என்று நாம் தேர்ந்தெடுக்க வேண்டும், அதற்கேற்ப அவள் மனது மாறும். நடுநடுவே வாள் சண்டை வரும், அதற்குக் கண்ட்ரோலரை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துப் பொத்தான்களை அழுத்த வேண்டும். அந்தப் பெண்ணை ஒரு கோட்டைக்குள் பூட்டி வைத்திருப்பார்கள். நாங்கள் அவளைக் கோட்டைக்காரி என்றே கூப்பிட்டோம். பதிலைத் தம்பி தேர்ந்தெடுப்பான், படிப்பதும் சண்டையும் என் பொறுப்பு. எனக்கு ஆரம்பத்தில் வாளைத் தூக்கவே வரவில்லை, விழுந்து விழுந்து சிரிப்பான். பிறகு கை படிந்துவிட்டது.

"அவ என்னக்கா சொல்றா?" என்று நிமிடத்துக்கு ஒரு தரம் கேட்பான். எத்தனையோ வருடங்களாக அவன் என்னிடம் எதையும் அப்படிக் கேட்டதில்லை. எனக்கு அது எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஒரு நாள் பட்டையைக் கழற்றிக் கையைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தேன். "கை சரியானதும் கிளம்பிடுவேன்க்கா. வெளியூர்ல ஃப்ரெண்டு கடை பாத்து வச்சிருக்கான்" என்றான்.

"எப்பத் திரும்பி வருவ?"

"திரும்பி எங்க வர்றது? அங்கதான் இருக்கப் போறேன். நீயும் கொஞ்சம் நிம்மதியா இரேன்."

நான் கோபப்படவில்லை. பட்டையை மாட்டிவிட்டுச் சாப்பாடு போட்டேன்.

கோட்டையின் கடைசி வாசலில் ஒரு ராட்சதன் காவல் இருப்பான். அவனை வீழ்த்தினால்தான் கதை மேலே நகரும். வாசல்காரன் என்று அவனுக்குப் பெயர் வைத்தோம். தம்பி பகலில் தூங்கும் நேரத்தில் ஒத்திகை பார்க்கிறேன் என்று உட்கார்ந்தேன், ஜெயித்தும் விட்டேன். முடிவுவரை போய்ப் பார்த்து, அதைத் தனியாகச் சேமித்து வைத்தேன். ஆனால் அவன் எதிரில் விளையாடும்போதெல்லாம் தோற்றேன். வாசல்காரனுக்கு ஒரே ஒரு வெட்டு பாக்கியிருக்கும்போது தோற்பேன். வேண்டுமென்றே தோற்பது லேசான வேலை இல்லை மேடம், ஜெயிக்கத் தெரிந்தவளால்தான் அவ்வளவு கிட்டத்தில் போய்த் தோற்க முடியும்.

தம்பி பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பான். "ஐயோ அக்கா, அவன் கையத் தூக்குறப்பவே குனியணும். என் கை மட்டும் நல்லா இருந்திருந்தா..." என்று புலம்புவான். நான் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பேன்.

பிறகு ஒரு நாள் பட்டையைக் கழற்றித் துடைத்து வெயிலில் காயவைத்தேன். ஈரம் போக வேண்டும், அது நியாயம்தானே. காய்கிற நேரத்துக்கு ஒரு ஆட்டம் என்றேன். வாசல்காரன் சாகக் கிடந்தபோது பொத்தானை அழுத்தி ஆட்டத்தை நிறுத்தினேன். "பால் பொங்கிடும், பாத்துட்டு வரேன்" என்று கண்ட்ரோலரை அவன் மடிக்குப் பக்கத்தில் வைத்தேன். கையில் கொடுக்கவில்லை. பக்கத்தில் வைத்தேன்.

அடுக்களையில் நின்றேன். வாள் சத்தம் கேட்டது. பிறகு அவன் "அக்கா" என்றான், கத்தக்கூட இல்லை. பால் அப்போதுதான் நுரை கட்டிக்கொண்டிருந்தது. அது பொங்கும்வரை இருந்து, அடுப்பை அணைத்துவிட்டுத்தான் போனேன்.

மறுபடியும் அறுத்துத் தைத்தார்கள். இனி அந்த விரல்கள் முழுதாக மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நுணுக்கமான திருகாணி பிடிக்கிற தொழில், அது போயிற்று. நண்பன் வேறு ஆள் பார்த்துக்கொண்டான். தம்பி என் தோளில் சாய்ந்து, "பிசியோ சொன்னதக் காதுல வாங்காம நானே கெடுத்துக்கிட்டேன்க்கா, மன்னிச்சிடு" என்று அழுதான். போனால் போகட்டும் விடு என்றேன். மன்னிப்பது எனக்குப் பெரிய காரியமாகப் படவில்லை.

அதற்குப் பிறகு நாங்கள் நன்றாகவே இருந்தோம். நான் கடைக்குப் போயிருந்த சமயத்தில் அவன் இடது கையால் தட்டித் தடவி கேமைத் திறந்திருக்கிறான். நான் சேமித்து வைத்ததில் வாசல் திறந்த படமும், தேதியும் இருந்தன. எழுத்து தெரியாவிட்டாலும் தேதி தெரியுமே. அவன் கைத் தையல் விட்டுப்போன நாளுக்கு முந்தைய தேதி.

"வேணும்னே பண்ணியாக்கா?" என்று மட்டும் கேட்டான். நான் பதில் சொல்வதற்குள் செருப்பை மாட்டினான். அந்த மனநிலையில் வெளியே போனால் எந்த வண்டியிலாவது விழுவான். அதனால்தான் கதவைப் பூட்டிச் சாவியை வைத்துக்கொண்டேன், கைபேசியையும் வாங்கி வைத்தேன். வேளாவேளைக்குச் சாப்பாடு கொடுத்தேன். அவன் தட்டைத் தொடவே இல்லை, கதவையே தட்டிக்கொண்டிருந்தான். பயிற்சிக்கு வந்த பிசியோ பெண் அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு ஸ்டேஷனுக்குப் போன் செய்து உங்களைக் கூப்பிட்டிருக்கிறாள். அடைத்து வைத்தேன் என்று எழுதுகிறீர்கள். பத்திரமாக வைத்திருந்தேன் என்று எழுதினால் சரியாக இருக்கும்.

தெரிந்துதான் செய்தீர்களா என்று கேட்டீர்கள். தெரிந்துதான் செய்தேன். தையல் விட்டுவிடும் என்று தெரியும், அவன் பொறுக்கமாட்டான் என்றும் தெரியும். அதற்காகவே தோற்றேன்.

கேமின் முடிவில் வாசல் திறக்கும். கோட்டைக்காரியும் அவளை மீட்க வந்த வீரனும் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்து போவார்கள். கோட்டைக்குள் யாராவது மிச்சமிருக்கிறார்களா என்று நான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். அதைக் காட்டவே இல்லை.

போகிறபோது அவள் கடைசியாக ஒன்று சொல்வாள். தம்பிக்கு அது இன்னும் தெரியாது. வேறு யாரும் படித்துச் சொல்ல வேண்டாம் மேடம், அவனே வந்து என்னைக் கேட்கட்டும். வராமல் எங்கே போய்விடப் போகிறான்.