சத்தம் மட்டும் நின்றால் போதும்

லேப்டாப் கத்துகிறது என்று என் கடைக்கு வருகிறவர்களில் ஒருவர்கூட அது எத்தனை முறை கத்தியது என்று எண்ணிக்கொண்டு வந்ததில்லை. எண்ணியிருந்தால் பாதி வேலை அங்கேயே முடிந்தது. விட்டுவிட்டு இரண்டு முறை கத்தினால் ஒரு கோளாறு, ஒரே மூச்சாக நீட்டிக் கத்தினால் வேறொரு கோளாறு, ஏதாவது ஒரு பட்டன் அமுங்கியபடியே மாட்டிக்கொண்டால் அது இன்னொரு தினுசு. கம்பெனிக்குக் கம்பெனி கணக்கு மாறும். தனக்கு எங்கே வலிக்கிறது என்று அந்த வாயில்லாத பெட்டி சொல்லும் வழி அது. நம் ஆட்கள் அதைக் காதில் வாங்குவதில்லை. கத்துவதையே நோய் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

இன்ஸ்பெக்டர் ஐயா, என்னையே எழுதச் சொல்லித் தாளும் பேனாவும் கொடுத்தீர்கள். அதுதான் நல்லது. வாயால் சொன்னால் நடுவில் நீங்கள் ஏதாவது கேட்பீர்கள், எனக்கு வரிசை தப்பிவிடும். கழற்றிய திருகாணிகளைக் கழற்றிய வரிசையிலேயே அடுக்கி வைத்துப் பழகியவன் நான்.

என் பெயர் பூபதி. சொந்த ஊர் இந்த மலையிலேயே குண்டூர் நாடு. செம்மேட்டில் பஸ் ஸ்டாண்டை ஒட்டிப் பதினொரு வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். மலையில் ஒரே வேலையைப் பிடித்துத் தொங்கினால் அடுப்பு எரியாது. அதனால் லேப்டாப், செல்போன், மிக்சி, மோட்டார், வண்டி ஒயரிங் என்று வருவதையெல்லாம் பார்ப்பேன். நம்பிக் கொடுக்கலாம் என்று பெயர் எடுத்திருக்கிறேன். இந்த வழக்கிலும் அந்தப் பெயருக்கு நான் குறை வைக்கவில்லை.

தனபால் எனக்குப் பெரியப்பா மகன். அண்ணன் முறை. மிளகும் மரவள்ளியும் விவசாயம், சொந்தமாக ஒரு பிக்கப் வண்டி. தங்கமான மனுசன் என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஒரே ஒரு குறை, சத்தம் ஆகாது. கல்யாண வீட்டில் ரேடியோ கட்டினால் முதல் பந்தியில் சாப்பிட்டுக் கிளம்பிவிடுவார். வீட்டில் மிக்சி ஓடினால் தோட்டத்துக்கு நடையைக் கட்டுவார். அவருக்கு ஒரே மகள், கௌசிகா. நாமக்கல்லில் நர்சிங் மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள்.

எனக்கும் ஒரே மகள் இருந்தாள். யமுனா. ஆறு வயது. இரண்டு வருடத்துக்கு முன்பு, பலாப்பழக் காலத்தில், ஒரு சந்தை நாளில் தனபால் தன் வண்டியை என் கடைப் பக்கமாகப் பின்னால் எடுத்தார். யமுனா அங்கே குத்தவைத்துப் பலாக்கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் கடை வாசலில் நின்றிருந்தேன். நாற்பது அடி இருக்கும். அந்த வண்டியில் ரிவர்ஸ் ஹாரன் உண்டு. அது கூவியிருந்தால் அவள் எழுந்து ஓடியிருப்பாள், சந்தைக்குள்ளேயே வளர்ந்த பிள்ளை. அது கூவவில்லை. அதன் ஒயர் துண்டிக்கப்பட்டிருந்தது.

உங்கள் போலீஸ் கேஸ் அதன் பாட்டுக்கு நடந்தது. எங்கள் பக்கம் ஊர்க்கூட்டம் போட்டார்கள். தனபால் எல்லாருக்கும் முன்னால் தரையில் விழுந்து எழுந்து, "சத்தம் காதைக் கொடையுதுன்னு நாந்தானுங்க அந்த ஒயரப் புடுங்கி உட்டேன். என்ன தண்டனை சொன்னாலும் சரீங்க" என்றார். ஊர்க்கவுண்டர் செல்லமுத்து என்னைப் பார்த்தார். எங்களுக்கு ஒரு கட்டு உண்டு. தவறு செய்தவரும் இழந்தவரும் ஒரே தட்டில் இருந்து வெற்றிலை எடுத்துக்கொண்டால் அந்தப் பேச்சு அன்றோடு செத்தது. அப்புறம் எப்படி நடந்தது, ஏன் நடந்தது என்று யாரும் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் ஊரையே அவமதித்த மாதிரி. நான் எடுத்தேன். என் மனைவி தேன்மொழியும் எடுத்தாள்.

அதற்குப் பிறகு தனபால் சந்தை நாள் தவறாமல் எங்கள் வீட்டுக்கு வருவார். மரவள்ளிக் கிழங்கு, வாழைத்தார், மலைத்தேன் என்று எதையாவது கொண்டுவந்து வாசலில் வைப்பார். தேன்மொழி அவருக்குக் காபி கொடுப்பாள். அவர் போனதும் அந்த டம்ளரைச் சாம்பல் போட்டு இரண்டு முறை தேய்ப்பாள். கட்டுக்கு அடங்கி வாயைத் திறக்க மாட்டாள், ஆனால் அவள் அவரை வெறுத்தாள். அந்த வெறுப்பில் நான் குளிர் காய்ந்தேன். ஒரே வீட்டில் இருவருக்கும் ஒரே பகையாளி இருந்தால் குடும்பம் உடையாது என்பது என் அனுபவம்.

நானும் அவரை வெறுத்தேன். மறைத்து எழுத ஒன்றுமில்லை. உள்ளே வரும்போது செருப்பைச் சத்தமில்லாமல் கழற்றுவாரே, அதைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்த ஐப்பசியில், ஒரு வாரமாக மலை கண்ணுக்கே தெரியாமல் பனி மூடிக் கிடந்தபோது, தனபால் ஒரு லேப்டாப்பைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். கௌசிகா பரீட்சைக்குப் படிக்க லீவில் வந்திருந்தாளாம். பெட்டி நிமிடத்துக்கு ஒருமுறை கத்துகிறதாம்.

"மண்டைய ஒடைக்குது சாமி. புள்ள படிச்சாகோணும். வேற ஒண்ணும் பண்ண வேண்டாம், சத்தம் மட்டும் நின்னாப் போதும்" என்றார்.

பனி ஈரம் ஏறாமல் இருக்க என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். சாமைக் குதிருக்குள் புதைத்து வைத்ததாகச் சொன்னார். நனைந்த செல்போனை அரிசிக்குள் போடும் வைத்தியம் எல்லா ஊரிலும் உண்டு. எங்கள் மலையில் அரிசியைவிடச் சாமை தாராளம். ஆனால் சாமை, கடுகுக்கு அண்ணன், அரிசிக்குத் தம்பி. எந்த ஓட்டையிலும் நுழைந்துவிடும். மழைக்காலத்தில் இந்த மாதிரி ஏழெட்டுப் பெட்டி என்னிடம் வரும். வெளியூர் மெக்கானிக் யாரும் இதைக் கண்டிருக்க மாட்டான்.

திறந்து பார்த்தேன். நினைத்தது சரி. சூட்டைத் தணிக்கிற விசிறியில் சாமை அடைத்து, விசிறி சுற்றவே இல்லை. அதைத்தான் அது கத்திக் கத்திச் சொல்லிக்கொண்டிருந்தது. அந்தச் சூட்டிலேயே கிடந்து பேட்டரி பூரி மாதிரி உப்பியிருந்தது. உப்பிய பேட்டரியைச் சார்ஜில் போடாதீர்கள், தீப்பிடிக்கும் என்று என் கடைச் சுவரில் படத்தோடு ஒட்டியிருக்கிறேன். வேண்டுமானால் போய்ப் பாருங்கள். புதுப் பேட்டரி நாமக்கல்லில் கிடைக்கும். காலை பஸ்ஸில் சொல்லிவிட்டால் சாயங்காலம் கைக்கு வந்துவிடும்.

கை பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே, அது மனசைக் கேட்காது. யோசிப்பதற்குள் விசிறியைக் கழற்றிச் சுத்தம் செய்துவிட்டேன். சாமையை ஒரு தாளில் கொட்டினேன். எண்ணினேன், நாற்பத்தேழு மணி இருந்தது. விசிறியை மாட்டிப் போட்டுப் பார்த்தேன், கத்தல் நின்றுவிட்டது, வேலை சுத்தம். எதிர்க்கடையில் ஒரு டீ குடித்தேன். அந்த டீ முடிவதற்குள் எனக்கு ஒன்று தோன்றியது. தனபால் கேட்டது இதை அல்ல. சத்தத்தை நிறுத்தச் சொன்னார், அவ்வளவுதான் கேட்டார்.

திரும்பி வந்து சாமையை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து விசிறிக்குள் வைத்தேன். பொறுமையான வேலை. முப்பத்தோராவது மணியில் விசிறி நின்றது. மீதிப் பதினாறைக் குருவிக்குப் போட்டேன். சத்தம் வருகிற இணைப்பைக் கழற்றினேன். பேட்டரியைத் தொடவில்லை. மூடியை அழுத்தித் திருகாணிகளை வரிசையாகப் பூட்டினேன். தனபால் வந்து போட்டுப் பார்த்தார், சத்தமில்லை. என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அந்தப் பெட்டியில் அவர் கை படாது என்று எனக்குத் தெரியும். அதில் படிப்பது யார் என்றும் தெரியும். நீங்கள் இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டீர்கள், இப்போது எழுதியே கொடுத்துவிட்டேன். தனபால் சாக வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. அவர் இருக்க வேண்டும். சந்தை நாள் தவறாமல் நான் அவர் வீட்டுக்கு வாழைத்தார் கொண்டுபோய் வைக்க வேண்டும், அவர் எனக்குக் காபி கொடுக்க வேண்டும்.

மூன்றாம் நாள் கௌசிகா தானாகவே கடைக்கு வந்தாள். வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸுக்கு நேரம் இருந்தது.

"சித்தப்பா, சத்தம் நின்னுருச்சுங்க. ஆனா அடியில தொட்டா சுடுதுங்க."

"இந்தக் குளுருக்கு அது நல்லதுதான் கண்ணு. பனி படாம கம்பளியச் சுத்தி வெச்சுக்கோ" என்றேன்.

அவள் சிரித்தாள். படிக்கிற பிள்ளை, ஆனாலும் சித்தப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டாள். சித்தி எப்படி இருக்கிறாள், இப்போதாவது தூங்குகிறாளா என்று விசாரித்தாள். யமுனாவின் பெயரைச் சொல்ல வாயெடுத்து, கட்டு நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டாள். "ஞாயித்துக்கெழம ஊட்டுக்கு வாரேன்னு சித்திகிட்டச் சொல்லுங்க" என்றாள். பஸ் கிளம்பப் பத்து நிமிடம் ஆனது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். கடையில் இருந்து கூப்பிட்டால் காதில் விழுகிற தூரம். நான் கூப்பிடவில்லை. தேன்மொழியிடம் மட்டும் சொல்லிவிட்டேன், கௌசிகா ஞாயிற்றுக்கிழமை வருவாளாம் என்று. தேன்மொழி அவளுக்காகத் தினை மாவு இடித்து வைத்தாள்.

வெள்ளிக்கிழமை பகலில் மழை பிடித்துக்கொண்டது. தனபாலும் அவர் மனைவியும் கிழங்குக் காட்டில் இருந்தார்கள். கௌசிகா பின்னறையில் மழைக்காற்று அடிக்காமல் கதவைத் தாழிட்டுக்கொண்டு படித்திருக்கிறாள். அப்படியே கண்ணயர்ந்திருக்கிறாள். பெட்டி சார்ஜில், கம்பளிக்குள், கட்டிலின் மேல். அறை முழுக்க மிளகுச் சாக்கு. மழை இரைச்சலில் காட்டில் இருந்தவர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. புகையைப் பார்த்துத்தான் ஓடி வந்தார்கள். கதவை உடைத்தது தனபால். அவர் இரண்டு கையும் வெந்துபோயிற்று. அவள் கதவுக்கு இரண்டடி உள்ளே கிடந்தாளாம்.

பாடையில் முன்பக்கம் நான் தோள் கொடுத்தேன். சித்தப்பன் முறை, கொடுக்காமல் இருந்தால் நன்றாயிராது. மனசு நிம்மதியாக இருந்ததா என்று கேட்டீர்கள். இருந்தது. காரியம் முடிகிற வரைக்கும் இருந்தது.

காரியம் முடிந்த மறுநாள் தனபால் கடைக்கு வந்தார். கையில் கட்டுப் போட்டிருந்ததால் செருப்பைக் காலாலேயே நெருடிக் கழற்றினார். தீ அந்தப் பெட்டியின் பேட்டரியில் இருந்துதான் வந்தது என்று ஊரில் பேச்சு எழுந்திருந்தது, பழுது பார்த்தவன் யார் என்று கேட்க ஆரம்பித்திருந்தார்கள். அவர் அழவில்லை. எதிரில் உட்கார்ந்து மெதுவாகப் பேசினார்.

"ஒம் மேல ஒருத்தரும் ஒரு சொல்லுச் சொல்லக் கூடாதுன்னு கவுண்டர்கிட்டச் சொல்லிட்டேன். ஸ்டேசன்லயும் சொல்லிட்டேன். பேட்டரிய மாத்தோணும்னு நீ சொன்ன, நாந்தான் வேண்டாம்னுட்டேன்னு எழுதிக் குடுத்துட்டேன். அன்னிக்கு மாதிரியே இதும் என்னோட போவட்டும் சாமி. நீ தேன்மொழியப் பாத்துக்க."

நான் அப்படி எதுவும் அவரிடம் சொல்லவே இல்லை, ஐயா. அந்த மனுசன் கௌசிகாவின் சாவையும் எனக்காகத் தன் தலையில் எடுத்துப் போட்டுக்கொண்டார். அடுத்த பஸ்ஸில் நான் இங்கே வந்தேன். குற்ற உணர்ச்சி என்று எழுதிவிடாதீர்கள். அவருக்கு அந்தப் பெருமையை இரண்டாம் முறையும் விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை, அதற்காக வந்தேன்.

அன்னிக்கு மாதிரியே என்றால் என்ன என்று கேட்பீர்கள். யமுனா சாவதற்கு ஒன்பது நாள் முன்பு தனபால் பிக்கப்பை என் கடை முன்னால் நிறுத்தி, ரிவர்ஸ் ஹாரன் காதைக் குடைகிறது, நிறுத்திக் கொடு என்றார். இரண்டு நிமிட வேலை. ஒயரை வெட்டி, நுனியில் டேப் சுற்றிக் கொடுத்தேன். ஊர்க்கூட்டத்தில் தேன்மொழி என் பக்கத்தில் நின்றாள். தனபால் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அப்புறம் தானே பிடுங்கியதாகச் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டு வெற்றிலையை எடுத்தேன். இரண்டு வருடம் அவர் அதைக் கட்டிய மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. வாராவாரம் என் வீட்டுக்கு வந்து, சொல்லாமலே திரும்பிப் போனார். ஒருநாளாவது அவர் வாய் தவறிச் சொல்லியிருந்தால் நான் அவரை மன்னித்திருப்பேன்.

கௌசிகாவைக் கொன்றது நான். கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். தேன்மொழிக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க நேரமாகும், நீங்கள்தான் இதை அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டும். படிக்கும்போது இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். இரண்டு தடவையும் சத்தத்தை நிறுத்தச் சொன்னது அவர். நான் கேட்டதைத்தான் செய்து கொடுத்தேன்.