வளைவில் காத்திருக்கும் இரண்டாம் சக்கரம்

மூடுபனியை முந்திக்கொண்டு வந்து முன்வரிசையை நிரப்பியிருக்கும் முதியோர்களே, மழைக்கோட்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு மலர்ந்த முகத்தோடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே, எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்த காலத்திலும் எவரையும் மரியாதை குறைத்து அழைத்தறியாத எங்கள் சங்கத் தலைவர் தேவசிகாமணி ஐயா அவர்களே, உள்ளே வரலாமா ஊட்டுக்குப் போகலாமா என்று கதவோரம் நின்று யோசிக்கும் நண்பர்களே, அனைவருக்கும் கிறிஸ்டோவின் பணிவான வணக்கம்.

மேடை ஏறும்போது தலைவர் கேட்டார். "எவ்வளவு நேரம் பேசுவே கண்ணு?"

"ஆன்மேரி அக்கா வர்ற வரைக்குமுங்க."

சிரித்தார். நீங்களும் சிரிக்கிறீர்கள். ஆனால் உண்மை அதுதான்.

இந்த நேரத்தில் நம் தலைச்சோலை காப்பி விவசாயிகள் சங்கத்தின் பிக்கப் வண்டி, சேலத்திலிருந்து உர மூட்டைகளைச் சுமந்துகொண்டு மலை ஏறிக்கொண்டிருக்கிறது. ஓட்டுவது ஆன்மேரி. அருகில் சேலத்து மெக்கானிக் அங்கப்பன். மூட்டைகளின் மேல், சாட்சியாக, குழந்தைவேல் அண்ணன். வண்டியின் எஞ்சினை விற்றுவிடலாம் என்று போன கூட்டத்தில் முதலில் எழுந்தவர் அவர்தான்.

எந்த வளைவிலும் திணறாமல் வந்தால் எஞ்சின் நமக்கு. திணறினால் அதைக் கழற்றி விற்பது என்று முடிவு. அந்த எஞ்சினைத் தேர்ந்தெடுத்தவர் ஆன்மேரி. அது போனால் அவருடைய ஓட்டுநர் இருக்கையும் போகும். மறுபடி காப்பிப் பழம் பறிக்கும் கூடைதான்.

எஞ்சினில் அப்படி என்ன கோளாறு? கோளாறு எஞ்சினிலா? இந்தக் கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை.

அந்த எஞ்சினுக்கு இரண்டு டர்போ. டர்போ என்றால் என்ன? வெளியே போகும் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அது சுழன்று, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுகிறது. வீணாகப் போகும் மூச்சே வேலைக்காரனாகத் திரும்பி வருகிறது. முதன்முதலில் இதைக் கேட்டபோது மறுபடி ஒருமுறை சொல்லச் சொன்னேன்.

சின்ன டர்போ, கூப்பிட்ட குரலுக்கு ஓடி வரும். பெரியது நம் வீட்டுப் பெரியப்பாவைப் போல. எழுந்திருக்க நேரம் பிடிக்கும். எழுந்துவிட்டால் மூட்டை முழுக்க அவர் தோளில். சின்னது தொடங்கி வைக்க, பெரியது தொடர்ந்து வர. இடையில் ஒரு கதவு. கதவை எப்போது திறப்பது, எப்போது மூடுவது, காற்றை எந்த அளவுக்கு அழுத்துவது என்று முடிவு செய்வது பூஸ்ட் கண்ட்ரோலர்.

நாம் முதலில் மாட்டியது என்ன? கையால் திருகும் ஒரு குமிழ். ஒற்றை டர்போவுக்குப் போதும். அந்தக் குமிழுக்கு அழுத்தம் தெரியும். இரண்டாவது சக்கரம் ஒன்று இருப்பதே தெரியாது. அதை மாற்றி, எஞ்சின் வேகம் பார்த்துக் கதவைத் திறக்கும் மின்னணுப் பெட்டியைப் பொருத்தினோம். அங்கப்பனை மேலே வரவழைத்து, ஏரியைச் சுற்றி ஓட்டிப் பார்த்து அமைத்தோம். குளிர்ந்த காற்று, சமமான சாலை. வழுக்கிக்கொண்டு போனது. கைதட்டினோம்.

மறுநாள் மலைப்பாதையில், முழுப் பாரத்தோடு, வளைவுக்கு வளைவு நின்றது. நடு வளைவில், மூச்சு முட்டியவனைப் போல.

என்ன சொல்றீங்க கண்ணாயி அக்கா? சத்தமாகச் சொல்லுங்கள். "இன்னுங் கொஞ்சம் திருகி வுட்டா ஆவாதா சாமி?" நல்ல கேள்விங்க அக்கா. நானும் அதையேதான் கேட்டேன். ஆகாதுங்க. மேலே வர வரக் காற்று மெலிகிறது. மெலிந்த காற்றில் அதே அழுத்தம் வேண்டுமானால் சக்கரம் இன்னும் வேகமாகச் சுழல வேண்டும். மேலும் அழுத்தத்தைக் கூட்டினால் வண்டி ஏறாது, டர்போவின் சக்கரம்தான் உடையும்.

பிறகு ஒருநாள் நானும் வண்டியில் ஏறினேன். தமிழ் படித்தவனுக்கு அங்கே என்ன வேலை? வேலை இல்லை. வேடிக்கை பார்த்தேன். அழுத்தம் காட்டும் மீட்டரைப் பார்த்தேன். அக்காவின் காலைப் பார்த்தேன்.

வளைவு நெருங்கியது. கால் மேலே வந்தது. எஞ்சின் சத்தம் அடங்கியது. முள் விழுந்தது. திரும்ப மிதித்தார். வண்டி ஏறவில்லை.

அங்கப்பன் கத்தினார். "ஏனுங்க, வளைவுல எதுக்குங்க காலை எடுக்கறீங்க?"

"பஸ்ஸு எறங்குதான்னு கேக்க வேண்டாமுங்களா?"

"ஹாரன் அடிச்சுட்டுப் போங்க."

"நான் அடிச்சா அவனுக்குக் கேக்கும். அவன் வர்றது எனக்கு எப்படிங்க கேக்கும்? பனியில கண்ணா தெரியுது?"

அங்கப்பன் என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஏரியைச் சுத்தி ஓட்டுனப்ப எதுத்தாப்புல பஸ்ஸே வரலீங்களே தம்பி."

தாய்மார்களே, நம் மலையில் வண்டி ஓட்டுகிறவர்களில் யார் அப்படிச் செய்யாதவர்? வளைவுக்கு முன் ஒரு கணம் காலை எடுத்து, காது கொடுத்து, பிறகு மிதிப்பது. யாரும் சொல்லித் தந்ததில்லை. செய்கிறோம் என்றுகூட நமக்குத் தெரியாது. பெட்டிக்கும் தெரியவில்லை. கால் எழுந்தால் அது என்ன நினைத்தது? வேலை முடிந்தது என்று நினைத்தது. இரண்டாவது சக்கரத்தின் கதவைச் சாத்திவிட்டது. பெரியப்பா மறுபடி படுத்துவிட்டார். நாம் கேட்டுக்கொண்டிருந்தோம். அது நாம் முடித்துவிட்டதாக எண்ணியது.

யார் மாற வேண்டும்? காது கொடுக்காமல் வளைவில் திரும்ப ஆன்மேரி பழகிக்கொள்ள வேண்டுமா? அல்லது ஆன்மேரி கேட்டு முடிக்கும்வரை எந்திரம் காத்திருக்கக் கற்க வேண்டுமா?

அங்கப்பன் பெட்டியை மாற்றினார். இப்போது இருப்பது மிதியைப் பார்க்கிறது, வேகத்தைப் பார்க்கிறது, அழுத்தத்தைப் பார்க்கிறது. கதவு திறக்க ஓர் அளவு. மூட அதைவிடத் தாழ்ந்த இன்னோர் அளவு. நடுவில் ஓர் இடைவெளி. அந்த இடைவெளிதான் பொறுமை. கால் எழுந்தாலும் கதவு முழுக்கச் சாத்தாது, ஒருக்களித்து நிற்கும். பெரிய சக்கரம் மெல்லச் சுழன்றபடி காத்திருக்கும். குறைந்த அழுத்தத்தில் தொடங்கி, வெறும் வண்டியோடு ஏறி, அரைப் பாரத்தோடு ஏறி, ஒவ்வொரு முறையும் வளைவில்தான் சரிபார்த்தார்கள். ஏரிப்பக்கம் போகவே இல்லை.

முழுப் பாரத்தோடு ஏறுவது இன்றுதான் முதல்முறை. ஆகவே எனக்கு முடிவு தெரியாது. தெரியாமல்தான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

தலைவர் ஐயா, நேரம் முடிந்தது என்று மணி அடிக்க வேண்டாம். நானே நிறுத்துகிறேன். ஏனென்றால், இந்த மன்றத்துக்குக் கீழே கடைசி வளைவு. நானும் என் பேச்சிலிருந்து காலை எடுக்கிறேன். கேளுங்கள்.

கேட்கிறதா? எஞ்சின் சத்தம் அடங்கிவிட்டது. அதுதான் அக்கா காது கொடுக்கும் நேரம். பொறுங்கள்.

ஏறுகிறது. முதலில் மெல்லிய சீழ்க்கை, அது சின்னது. அதன்மேல் கனத்த மூச்சு. பெரியப்பா விழித்தேதான் இருந்திருக்கிறார்.

வண்டி வாசலுக்கு வந்துவிட்டது. வழி விடுங்கள், குழந்தைவேல் அண்ணன் வருகிறார். அண்ணா, அங்கிருந்தே சொல்லுங்கள். எங்கேயாவது நின்றதா?

"நான்தான் ஒரு வளைவுல நொம்ப பயந்து, நிறுத்துங்கன்னு கத்துனேன். அந்தப் புள்ள காதுல வாங்கல. பஸ் சத்தத்தத்தான் கேட்டுது. வண்டி நிக்கலீங்க. எஞ்சினு இருக்கட்டும்."

அவ்வளவுதான். இதற்கு மேல் நான் பேசினால் அது இரைச்சல். ஆன்மேரி அக்கா, சாவியை யாரிடமும் கொடுக்காதீர்கள், அது உங்களுடையது. பொறுமையாகக் கேட்ட அவைக்கும், மணியை அடிக்காமல் கையில் பிடித்திருந்த தலைவருக்கும் நன்றி. மூட்டை இறக்க ஆள் வேண்டும், வாருங்கள், வணக்கம்.