சாதனையாளர் பட்டியலில் ஏழாவது பேர்

இல்லை யோசப் தம்பி, நான் உங்கட அச்சகத்துக்குச் சண்டைக்கு வரேல்லை. அடிச்சது அடிச்சபடி கிடக்கட்டும். உந்த ஒரு பக்கத்தைத்தான் சொல்லுறன். ஓம், சாதனையாளர் கௌரவிப்பு எண்டு போட்டிருக்கிற பக்கம். பழைய மாணவர் சங்கத்தின்ர மலரில வேறை எந்தப் பக்கத்தைப் பற்றியும் எனக்குக் கவலையில்லை. தலைவரின்ர படத்தைத் தலைகீழா அடிச்சாலும் நான் வாய் திறக்கமாட்டன்.

நான் ஆரோ? அதைச் சொல்லாமல் கத்திக்கொண்டு நிக்கிறன், குறை நினைக்காதேங்கோ. சண்முகநாதன் எண்டு பேர். மல்வேர்னில இருக்கிறன். ரண்டு பஸ் மாறி வந்தனான். உந்தப் பட்டியலில ஏழாவது பேர் இருக்கெல்லே, தயாபரன், அவன்ர தேப்பன்.

வாசியுங்கோ பாப்பம். அமரர் சண்முகநாதன் தயாபரன். அமரராம்! பன்னிரண்டு பேரைக் கௌரவிக்கினம். ஒருத்தர் இருதய டொக்டர், ஒருத்தர் லண்டனில பேராசிரியர், ஒருத்தர் விட்பியில மாளிகை மாதிரி வீடு வாங்கினதைத் தவிர வேறை என்ன செய்தவரெண்டு எனக்கு இண்டைவரைக்கும் தெரியாது. அவையளுக்கெல்லாம் முன்னால பட்டம். ஆற்றை பேர் முதல் வாறதெண்டு மூண்டு கூட்டம் வைச்சு அடிபட்டவை, ரோல்ஸும் திண்டு திண்டு. என்ர பிள்ளைக்கு மட்டும் உந்தப் பட்டம்.

சொல்லுறன், கேளுங்கோ. தொண்ணூறாமாண்டு கம்பஸால வீட்டை வந்துகொண்டிருந்தவன். இடையில பஸ்ஸை மறிச்சு நாலு பெடியளை இறக்கினவங்கள். அவ்வளவுதான். ஆர் இறக்கினதெண்டு கேக்காதேங்கோ, ஒவ்வொருத்தர் ஒவ்வொரு கதை. ஏழு வருசம். செத்ததெண்டு ஒரு கடுதாசி இருக்கோ? உடம்பைக் கண்டது ஆர்? காணாமல்போன பிள்ளையை இப்பிடி எழுத உந்தச் செயலாளர் மகேஸ்வரனுக்கு ஆர் அதிகாரம் குடுத்தது? அவர்தானே உங்களிட்டைக் கொண்டுவந்து தந்தவர்.

சும்மா பெடியனில்லைத் தம்பி. கணிதத்தில மாவட்டத்திலயே முதலாவதா வந்தவன். கம்பஸில ரண்டாம் வருசம் படிக்கேக்கயே ஏதோ ஒரு கணக்குக்குப் புது வழி கண்டுபிடிச்சு, அது வெளிநாட்டுச் சஞ்சிகையில அச்சில வந்தது. எனக்கு அதில ஒரு வரி விளங்காது. அவன்ர பேர் மட்டும் விளங்கிச்சுது, அதையே திரும்பத் திரும்ப வாசிச்சனான். கௌரவிக்கட்டும், வேண்டாமெண்டு நான் சொல்லேல்லை. உந்தப் பன்னிரண்டு பேரில அவன்தான் உண்மையாச் செய்தவன். தேப்பன் எண்டபடியால சொல்லுறன் எண்டு நினைச்சால் நினையுங்கோ.

எனக்காகக் கேக்கேல்லை. என்ர மனுசிக்காக. குணவதி. அவள் நேர்சிங் ஹோம் ஒண்டில குசினி வேலை. சனிக்கிழமை அவளுக்கு எப்பவும் வேலை, உங்கட மலரையும் காணமாட்டாள், விழாவையும் காணமாட்டாள் எண்டு நான் நிம்மதியா இருந்தனான். மகேஸ்வரன் இருக்கிறாரே, நான் வேலைக்குப் போன நேரம் வீட்டை போன் அடிச்சு, உங்கட மகனைக் கௌரவிக்கப்போறம், தாயும் தேப்பனும் மேடைக்கு வரோணும் எண்டிட்டார். நல்ல காலம், வேறையொண்டும் கதைக்கேல்லை. அவள் கிளடிஸ் எண்டு கூட வேலை செய்யிற பிள்ளையைக் கெஞ்சி ஷிப்ட் மாத்தியும் எடுத்திட்டாள். சாறி அயர்ன் பண்ணித் தொங்குது. பஸ்ஸில பக்கத்தில இருக்கிற சைனாக்கார மனுசிக்கும் சொல்லுறாள், மை சன், பிறைஸ் எண்டு.

அவள் அவன் இருக்கிறானெண்டுதான் இருக்கிறாள், தம்பி. சும்மா வாய்க்குச் சொல்லுறதில்லை. ஒவ்வொரு வருசமும் கிறிஸ்மஸுக்கு அடுத்தநாள் மலிவு விற்பனையில அவனுக்கொரு வின்ரர் ஜக்கற் வாங்குவாள். போன வருசத்தானைக் கோயிலில உடுப்புச் சேர்க்கிற பெட்டிக்குள்ள போட்டிட்டுப் புதுசு எடுப்பாள். முதல் வருசம் மீடியம் எடுத்தவள். இந்தமுறை எக்ஸ்ட்ரா லாஜ். ஏனப்பா இவ்வளவு பெரிசு எண்டு கேட்டன். அவனுக்கு இப்ப இருவத்தெட்டு வயசெல்லே, கொஞ்சம் வயிறு வைச்சிருக்கும் எண்டாள். 

மனசைத் தேத்திக்கொள்ளத்தானே வேணும் எண்டுறியள். எல்லாரும் அதைத்தான் சொல்லுறவை. தொண்ணூற்றொண்டில கொழும்பில லொட்ஜில இருக்கேக்க ரதி எண்டு ஒரு சொந்தக்காரி வந்து, ஆரோ சொன்னதெண்டு இவளைக் கட்டிப்பிடிச்சு ஒப்பாரி வைச்சிட்டுப் போச்சுது. அண்டையோட இவள் சாப்பாட்டை விட்டிட்டாள். பத்தொன்பது நாள். கடைசியில தண்ணி வாயில விட்டாலும் வழிஞ்சு போகும். பேந்து ஆசுப்பத்திரியில சேலைன் ஏத்தி, அந்தச் செய்தி பொய்யெண்டு நான் கற்பூரம் கொளுத்திச் சத்தியம் பண்ணித்தான் வாய் திறந்தவள். இன்னொருக்கா உப்பிடி நடந்தால் தாங்கமாட்டா எண்டு டொக்டர் என்னைத் தனியக் கூப்பிட்டுச் சொன்னவர். இப்ப விளங்குதோ? சனிக்கிழமை அவள் உந்த மலரை மடியில வைச்சு, விரலால தொட்டுத் தொட்டு வாசிக்கப்போறாள். மேடையில அறிவிக்கிறவரும் இதைப் பாத்துத்தானே வாசிப்பார்.

வெள்ளை ஸ்ரிக்கரோ? வேண்டாம். நகத்தால சுரண்டிப் பாப்பாள், எனக்கு அவளைத் தெரியும். அந்தப் பக்கத்தை மட்டும் கழட்டிப்போட்டுத் திரும்ப அடிக்கேலாதோ? இருந்து ஸ்ரேப்பிளர் அடிக்கிறதெண்டாலும் நான் இருக்கிறன். எனக்கு இண்டைக்கு வேலையில்லை, சிக் எண்டு சொல்லிப்போட்டு வந்தனான்.

மூண்டாம் பக்கத்திலயும் இருக்குது பாருங்கோ, மௌன அஞ்சலி. மறைஞ்ச பழைய மாணவரின்ர பேருகள். கீழ இருந்து நாலாவது. அதையும் எடுக்கோணும். இல்லை, அஞ்சலியை எடுக்கவேண்டாம். அது இருக்கட்டும். அவன்ர பேரை மட்டும்.

தம்பி, தம்பி, போனை வையுங்கோ. மகேஸ்வரனுக்கு அடிக்கவேண்டாம். செயலாளர் சொல்லாமல் மாத்தேலாது எண்டு எனக்கும் தெரியுது, நீங்கள் நேர்மையான ஆள். எண்டாலும் அடிக்கவேண்டாம். அடிச்சால் அவர் விபரம் நிரப்பின போமை எடுத்துக் காட்டுவார்.

அந்தப் போம் உங்களிட்டையே இருக்கோ? அந்தக் கட்டுக்குள்ளயோ?

சரி, எடுங்கோ. எடுத்துப் பாருங்கோ.

என்ர கையெழுத்துத்தான். வடிவான எழுத்தெண்டு ஊரில அரசாங்கக் கச்சேரியில எல்லாரும் சொல்லுறவை. இருவத்தாறு வருசம் அங்கை கிளாக்கரா இருந்தனான் தம்பி. போமில ஒரு கூட்டையும் வெறுமையா விட எனக்கு வராது. பக்டரியில கோப்பி பிறேக்கில இருந்து நிரப்பினது. பெயர், படிச்ச வருசம், சாதனை. அதுக்குக் கீழ ஒரு கூடு. மறைந்தவராயின் திகதி. கை எழுதிப்போட்டுது.

திகதி எப்பிடித் தெரியும் எண்டு பாக்கிறியள்.

அண்டைக்குப் பஸ்ஸால இறக்கின நாலு பேரில ஒருத்தன் தப்பினவன். கஸ்பர் எண்டு, இவனோட படிச்ச பெடியன். இப்ப சுவிஸில. மூண்டு வருசத்துக்கு முன்னம் பக்டரிக்குப் போன் எடுத்தவன். வீட்டை எடுத்தால் அன்ரி தூக்குவா எண்டு நினைச்சு, ஆரிட்டையோ நம்பர் வாங்கி எடுத்திருக்கிறான். அங்கிள், நான் பக்கத்தில நிண்டனான் எண்டான். அடுத்தநாள் காலமையே முடிஞ்சுதாம். தானும் இன்னொருத்தனும்தான் கிடங்கு வெட்டித் தாட்டவையாம். பேந்து பெல் அடிச்சிட்டுது, நான் திரும்பிப் போய்ப் பெட்டி மடிச்சனான்.

ஒருத்தருக்கும் சொல்லேல்லை. ஐயரிட்டைப் போகேல்லை, அந்தியேட்டி இல்லை, திவசமில்லை. அந்தத் திதியில நான் மரக்கறி சாப்பிட்டால் என்னப்பா எண்டு கேப்பாள், என்ர ஐயாவின்ர திதி எண்டுவன். பெத்த பிள்ளைக்கு ஒரு எள்ளுத்தண்ணி இறைக்கேல்லை. கூட்டில திகதியை எழுதின உடன வெட்டிப்போடலாம் எண்டு பேனையை வைச்சனான். வெட்ட மனம் வரேல்லை. நானூறு சனம் ஒரு நிமிசம் எழும்பி நிக்குமெல்லே அவனுக்கு. அவளுக்குச் சனிக்கிழமை வேலைதானே, நான் தனியப் போய் அந்த ஒரு நிமிசம் தேப்பனா நிண்டிட்டு வருவம் எண்டு நினைச்சன். வேறை ஒண்டுக்கும் ஆசைப்படேல்லை.

இப்ப அதுவும் சரிவராது. பேர் இல்லாட்டியும் பறவாயில்லை, எல்லாரும் எழும்பேக்க அவளும் எழும்புவாள், ஆற்றையோ பிள்ளையளுக்கெண்டு. பேந்து ரண்டுபேரும் மேடைக்குப் போய், இருக்கிற பிள்ளைக்கு வாங்கிறமாதிரிப் பொன்னாடையை வாங்கிக்கொண்டு வரோணும். சிரிக்கவும் வேணும்.

நீங்கள் ஏன் மன்னிப்புக் கேக்கிறியள்? உங்களில பிழையில்லை. மகேஸ்வரனிலயும் பிழையில்லை, வந்த நேரம் தொடக்கம் அவரைச் சும்மா திட்டிக்கொண்டு நிக்கிறன். நீங்கள் சரியாத்தான் அடிச்சிருக்கிறியள் தம்பி.

அதை எடுத்துவிடுங்கோ.