படத்தின் முதுகில் எழுதியது

மழைக்காலத்தில் படம் பிடிக்கக்கூடாது என்பார்கள். நான் அதை நம்பியவனில்லை. வெயிலில் எல்லா மூஞ்சியும் ஒன்றுபோலத்தான் விழும். மழை இருட்டில் பிடித்துப் பாருங்கள், அவனவன் யார் என்று தெரியும்.

தகர டப்பாவைத் தூக்கிக்கொண்டு இந்த வயதில் மலையேறி வந்திருக்கிறீர்கள், கிளாக்கர் ஐயா. பென்ஷன் வாங்கி யாழ்ப்பாணம் போகிறவர் அதை ஆற்றில் வீசியிருக்கலாம். நீங்கள் உட்கார்ந்து எண்ணியிருக்கிறீர்கள். ஐம்பத்தாறாம் வருஷம் சித்திரை மாதச் சுற்றில் பள்ளிக்கூடத்து இக்னேசியஸ் மாஸ்டர் படம் இல்லை, எங்கே என்கிறீர்கள். ஒன்பது வருஷம் கழித்துக் கேட்டாலும் கேள்வி கேள்விதான். சொல்கிறேன். தேத்தண்ணியைக் குடியுங்கள், ஆறிப்போகும்.

டப்பா யோசனை உங்களுடையது. ஐந்து தோட்டத்தில் ஐந்து பேர், படம் பிடிக்கிற கிறுக்கு உள்ளவர்கள். மாதம் ஒருவர் முறைவைத்துத் தலைப்புக் கொடுக்க வேண்டும். நிழல், பசி, காத்திருப்பு என்று ஏதாவது ஒன்று. அதற்கு ஆளுக்கொரு படம் பிடித்து, அட்டன் கடைத்தெருவில் கழுவி வாங்கி, பிஸ்கட் டப்பாவில் போட வேண்டும். பஸ் கண்டக்டர் கையில் டப்பா தோட்டம் தோட்டமாய்ச் சுற்றும். எடுத்தவன் படத்தின் முதுகில் யார், எந்த இடம், என்றைக்கு என்று உள்ளதை உள்ளபடி எழுதிப் பெயர் போட வேண்டும். பார்க்கிறவர்கள் அதற்குக் கீழே அபிப்பிராயம் எழுதலாம். அவர்கள் பெயர் போட வேண்டாம், போட்டால் மனஸ்தாபம் வரும் என்று சொன்னவரும் நீங்கள்தான்.

மற்ற நாலு பேரும் படித்தவர்கள். நான் ஆலையில் இலை வாட்டுகிற மாடியில் கிடந்தவன். சீமைக்குத் திரும்பிப் போன துரை ஒருவர் தூக்கிப்போட்ட பெட்டிக் கேமராதான் எனக்கு. முதல் நாள், நம் ஐந்து பேரில் ஒருவரான மருந்து கொடுக்கிற டிஸ்பென்சர் ஐயா கேட்டார்.

"என்னா சோலைமலை, கேமராவும் கொழுந்துச் சாக்கும் ஒண்ணுன்னு நெனச்சியா? வாயத் தொறந்து வச்சா ரொம்பிருமா?"

எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் டப்பா என் பக்கம் வராது.

ஐம்பத்தைந்து ஐப்பசியில் 'உழைப்பு' என்று தலைப்பு. என் வீட்டுக்காரி வீரம்மா கூடையோடு பதினொன்றாம் நம்பர் மலையிலிருந்து இறங்கி வந்தாள். நல்ல மழை.

"ரெண்டு நிமிசம் அசையாம நில்லுடி."

"நான் நிப்பேன். அட்டை நிக்குமா?" என்று சிரித்துக்கொண்டே காலை உதறினாள். அந்த நேரம் பார்த்து நான் அமுக்கிவிட்டேன். படத்தில் கூடை மட்டும் தெளிவாக விழுந்தது. அவள் முகம் கலைந்து போயிருந்தது. ஆனாலும் அது அவள்தான். சுற்று முடிந்ததும் அந்தப் படத்தை மட்டும் உங்களிடம் கேட்டு வாங்கி, லயத்து வீட்டுச் சுவரில் ஆணியடித்து மாட்டினேன். அதை அவள் மாட்டச் சொல்லவில்லை, கழற்றவும் சொல்லவில்லை.

தை மாதம் மார்ச்சளியில் செத்துப்போனாள். வேறு படம் கிடையாது.

சாவுக்கு மாஸ்டர் வந்தார். வேதக்காரர் என்றாலும் பாடைக்குத் தோள் கொடுத்தார். காரியமெல்லாம் முடிந்தபின் என் பக்கத்தில் குந்திக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"என் வீட்டுக்காரி இசபெல் இங்க இருந்தா ஓடி வந்திருப்பா அண்ணே. பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குப் போனவ, ஒடம்பு தேறாம ஒரு வருசமா இந்தியாவுலதான் கெடக்குறா. இங்கதான் கந்தப்பளையில அவ அண்ணன் வீட்டுல இருக்கான்னு எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன். விசாரணையிலயும் அப்பிடித்தான் எழுதிக் குடுத்திருக்கேன். வெளிய சொல்லிறாதீங்க."

தோட்டத்து ஆட்களெல்லாம் இலங்கைப் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டு விசாரணை நடந்த காலம். கேட்கிறவன் மட்டும் இங்கே இருந்தால் போதாது, பெண்டாட்டி பிள்ளையும் இங்கேயே இருந்திருக்க வேண்டும். இல்லையென்றால் மனு தள்ளுபடி. மனு தள்ளுபடியானால் இசபெல் பிள்ளையோடு திரும்பி வர வழியில்லை. இதெல்லாம் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்துக்காரர் உங்களுக்கு மனு தேவையில்லை என்றாலும், எங்களுக்கு மனு எழுதிக் கொடுத்தவரே நீங்கள்தானே.

"எங்கிட்ட சொன்னது கல்லுல போட்டது மாதிரி மாஸ்டர்," என்றேன். அப்போது அது உண்மைதான்.

பதினாறாம் நாள் பூ வைப்பதற்காக வீரம்மா படத்தைக் கழற்றினேன். அன்றைக்குத்தான் அதன் முதுகைப் பார்த்தேன். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும், அதனால் அதுவரை யாருடைய படத்தின் முதுகையும் திருப்பியதில்லை. இதை வாசிக்க நேரம் பிடித்தது. நான் எழுதியதற்குக் கீழே யாரோ எழுதியிருந்தார்கள்: 'இது பெண்ணா, பேயா? கூடையைக் கண்டுதான் மனுஷி என்று நம்பினேன்.'

குண்டு குண்டாய், கோடு போட்டதுபோல நேரான எழுத்து. இத்தனை அழகாய் எழுத வாத்தியாரை விட்டால் யாருக்கு வரும் என்று முடிவு செய்தேன். தோள் கொடுத்ததற்கும் இதற்கும் சரியாய்ப் போயிற்று என்று நினைத்தேன். நான் கோபப்படவில்லை. கோபக்காரன் கத்தியெடுப்பான். நான் சித்திரைக்குக் காத்திருந்தேன். சித்திரை மாதம் தலைப்புக் கொடுக்கிற முறை எனக்கு.

'வீட்டுக்காரி' என்று கொடுத்தேன். பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன் கேட்கிற தலைப்பு. யாருக்கும் மறுக்க மனம் வரவில்லை. பள்ளிக்கூட லீவுக்கு மாஸ்டர் இந்தியா போவார் என்று எனக்குத் தெரியும். அவரிடமிருந்து டப்பா நேராக என் கைக்குத்தான் வரும் என்பதும் தெரியும்.

அவர் அந்த மாதம் படம் போடாமல் இருந்திருக்கலாம். போட்டாலும் முதுகை வெறுமையாய் விட்டிருக்கலாம். ஆனால் உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும் என்பது நம்முடைய விதி. விசாரணைக்காரனிடம் பொய் சொன்னவர் பிஸ்கட் டப்பாவிடம் பொய் சொல்லவில்லை. நாலு சிநேகிதர்கள் தவிர யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்திருப்பார்.

நல்ல படம். பொறாமையில்லாமல் சொல்கிறேன். கிணற்றுக் கட்டில் இசபெல், மடியில் பிள்ளை, அது கேமராவைப் பிடிக்கக் கையை நீட்டுகிறது. கொஞ்சமும் அசைவில்லை, இமை மயிரைக்கூட எண்ணலாம். முதுகில் 'இசபெலும் எங்கள் மகளும், புறத்தாக்குடி, திருச்சி ஜில்லா, ஏப்ரல் 1956' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

கவரை நான் முன்கூட்டியே தயார் செய்து வைத்திருந்தேன். எனக்கு வந்திருந்த விசாரணைக் கடிதத்தின் தலையில் இருந்த விலாசத்தைப் பார்த்து, சித்திரம் வரைவதுபோல ஒவ்வொரு எழுத்தாய் வரைந்தேன். உள்ளே நான் ஒரு எழுத்தும் எழுதவில்லை. மாஸ்டர் எழுதியதை மாஸ்டருடைய விசாரணைக்கு அனுப்பினேன், அவ்வளவுதான். டப்பா உங்களிடம் வந்தபோது மாஸ்டர் படம் இல்லையே என்று கேட்டீர்கள். அவர் போடவில்லை போலிருக்கிறது என்றேன். நீங்களும் விட்டுவிட்டீர்கள்.

ஆனி மாதம் விசாரணையில் அந்தப் படத்தை மேசைமேல் கவிழ்த்து வைத்து, இது உம்முடைய கையெழுத்தா என்று கேட்டார்களாம். ஆமாம் என்றாராம். அன்றைக்கே பஸ் பிடித்து நேராக என் லயத்துக்கு வந்தார்.

"டப்பாவுல இருந்து யாரோ எடுத்திருக்காங்க அண்ணே. ஒங்க கைக்கு வரும்போது படம் இருந்துச்சா?"

"இல்லீங்களே மாஸ்டர்."

"அப்பப் பஸ்ஸுலதான் போயிருக்கு," என்றார். என் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. நம்புகிறவன் அப்படித்தான், பார்க்கமாட்டான்.

இசபெல் வர முடியாது என்று ஆனபிறகு அவர் அங்கே போவதைத் தவிர வேறு வழி இல்லை. புறப்படுகிறதற்கு முன் தன்னுடைய நல்ல கேமராவைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார்.

"தலைமன்னார்ல கப்பல் ஏறும்போது இதுக்கும் ஆயிரம் கேள்வி கேப்பாங்க. ஒங்க கையில இருக்கட்டும். அமுக்கும்போது மூச்சப் புடிச்சுக்கங்க அண்ணே, கை ஆடாது."

மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் அமுக்கினேன். அட்டன் ஸ்டேஷன், ரயில் பெட்டி ஜன்னலில் மாஸ்டர். புரட்டாசித் தலைப்பு என்ன என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 'வழியனுப்பு.' ஐந்து பேரில் முறை சுற்றி மறுபடி என்னிடம் வந்திருந்தது. அவருக்கு ரயில் நாள் குறிப்பதற்கு முன்பே அந்தத் தலைப்பைக் கொடுத்துவிட்டேன். அந்தப் படத்தின் முதுகில்தான் முதல் தடவையாக எல்லோரும் என்னைப் புகழ்ந்தீர்கள். 'கை தேறிவிட்டது' என்று ஒருவர் எழுதியிருந்தார்.

இதெல்லாம் வீரம்மாவுக்காகச் செய்தேன் என்று இத்தனை வருஷமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன். அதற்காகத்தான் சற்றுமுன் சுவரிலிருந்து அவள் படத்தைக் கழற்றி உங்கள் கையில் கொடுத்தேன். திருப்பிப் பார்த்ததும் உங்கள் முகம் வெளுத்துவிட்டது.

"ஐயோ சோலைமலை, இது நான் எழுதினதப்பா. சும்மா பகிடிக்கு எழுதினது," என்கிறீர்கள்.

அழாதீர்கள் ஐயா. உங்களால் நான் ஏமாந்துபோய் ஒரு நல்ல மனிதனைக் கெடுத்துவிட்டேன் என்று நினைத்து அழ வேண்டாம். மாஸ்டர் படம் என் கைக்கு வந்த அன்றே அதைக் கவிழ்த்து, வீரம்மா படத்தையும் பக்கத்தில் கவிழ்த்துப் போட்டுப் பார்த்தேன். எழுத்துக் கூட்டுகிறவனுக்கும் கண் உண்டு. மாஸ்டருடையது கோழி கிளறினதுபோல எழுத்து. இது வேறு கை. உங்கள் கையாக இருக்கும் என்றுகூடத் தோன்றியது. ஆனால் உங்களை ஏற்றி அனுப்ப ரயில் ஏதும் இல்லை. கவரிலும் தபால்தலை ஒட்டியாகிவிட்டது.