அவனே வந்து கேட்டாலும்

உங்கள் அலுவலகத்து நாற்காலிகள் வசதியாக இருக்கின்றன. எங்கள் கண் கிளினிக்கில் நோயாளிகள் உட்காரும் கூடத்துக்கும் இதே மாதிரி கை வைத்த நாற்காலிகளாக வாங்கிப் போடுங்கள் என்று டாக்டரிடம் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். அதில் உட்கார்ந்தால் ஜனங்கள் தூங்கிவிடுவார்கள் என்றார். கண் டாக்டருக்கு யாராவது கண்ணை மூடினாலே பிடிக்காது.

நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். முன்மேசையில் உட்கார்ந்தே காலம் கழித்தவள் நான். கோர்வையாகப் பேச வரும். ஆனால் குறுக்கே யாராவது 'டாக்டர் இருக்காரா' என்று கேட்டுவிட்டால் நூல் அறுந்துபோகும்.

எங்கள் கிளினிக்கில் டாக்டர், நான், என் அண்ணன் மகள், மூன்று பேர்தான். அண்ணி இறந்த பிறகு அண்ணன் கப்பல் வேலைக்குப் போய்விட்டார். குழந்தையை என் மடியில் போட்டுவிட்டுப் போனார், அவ்வளவுதான். எப்போதாவது துறைமுகத்திலிருந்து பேசுவார். எதைக் கேட்டாலும் 'நீ பாத்து செய்' என்பார். நானும் பார்த்துச் செய்தேன். அவளைப் பார்வை அளக்கும் படிப்புப் படிக்க வைத்தேன். எங்கள் கிளினிக்கிலேயே வேலைக்குச் சேர்த்தேன். காலையில் ஒன்றாகப் போவோம், சாயங்காலம் ஒன்றாகத் திரும்புவோம். இன்றைக்கும் அவளுக்கு நான்தான் தலை பின்னிவிடுகிறேன். அவளுக்குப் பின்னத் தெரியாது. நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

இந்தப் புது கார்டு மெஷின் வந்தது போன வருஷம். அதற்கு முன்னாலும் ஒரு பழைய மெஷின் இருந்தது. அதில் ஒரு பெரிய சங்கடம். கண்ணில் சொட்டு மருந்து விட்டால் பாவை விரிந்து, எழுத்தெல்லாம் பஞ்சுபோலத் தெரியும். நோயாளிகள் டாக்டரைப் பார்த்துவிட்டு அந்த நிலையில்தான் பணம் கட்ட வருவார்கள். மெஷினில் பொத்தான் தெரியாது. 'நீங்களே அடிச்சுக்குங்க' என்று ரகசிய எண்ணைச் சத்தமாகச் சொல்லுவார்கள். காது கொஞ்சம் மந்தமாக இருப்பவர்கள் இரண்டு தடவை சொல்லுவார்கள். கூடத்தில் இருக்கும் அத்தனை பேருக்கும் ஊரில் பாதிப் பேரின் ரகசிய எண் மனப்பாடம். யாரும் தவறாக நடந்துகொண்டதில்லை. அந்தக் காலத்தில் எங்களிடம் ஒரு குடும்ப உணர்வு இருந்தது.

புது மெஷினை மாட்டக் கம்பெனியிலிருந்து அந்தப் பிள்ளை வந்தான். மெஷின் தம்பி என்றுதான் கூப்பிடுவேன், எழுத்திலும் அப்படியே இருக்கட்டும். பெட்டியைப் பிரித்ததும் மெஷினின் முதுகில் இருந்த எண்ணையும் கம்பெனி அனுப்பிய எண்ணையும் என்னையே ஒத்துப் பார்க்கச் சொன்னான். கூடத்தில் நோயாளிகளுக்கு விட்டிருந்த வைஃபையில் மெஷினைச் சேர்க்கக் கூடாது என்று அதற்குத் தனி இணைப்பு போட்டான். நோயாளி தன் கையாலேயே எண்ணை அடிக்கும்படி திருப்புகிற தாங்கி வைத்தான். மூடியும் உடம்பும் சேரும் இடத்தில் மெல்லிய சீல் ஒன்றை ஒட்டினான். தினமும் காலையில் அதைப் பார்க்க வேண்டும், கிழிந்திருந்தால் மெஷினைத் தொடக் கூடாது என்றான். டாக்டர் எட்டிப் பார்த்து, 'கால்குலேட்டர் நல்லாருக்கே' என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

சொட்டு மருந்துச் சங்கடத்தை அவனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் கூடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, மருந்து விடுவதற்கு முன்னாலேயே பணத்தை வாங்கிவிடலாமே அக்கா என்றான். இத்தனை வருஷமாக எங்கள் யாருக்கும் அது தோன்றவில்லை. சுத்தமாகப் பார்வை இல்லாத ஒரு பெரியவர் அப்போது உட்கார்ந்திருந்தார். அவர் விரலைப் பிடித்து ஐந்தாம் எண் மேல் இருக்கும் சின்ன மேட்டில் வைத்து, அதிலிருந்து மற்ற எண்களுக்குப் போகிற வழியைப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தான். பெரியவர் யார் உதவியும் இல்லாமல் பணம் கட்டிவிட்டு, ஏதோ பரீட்சையில் தேறியவர்போல வெளியே போனார்.

நல்ல பிள்ளை. அதை நான் எங்கேயும் மறுக்க மாட்டேன்.

கிளம்பும்போது ஒன்று சொன்னான். அதை அவன் வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

"அக்கா, மெஷினைச் சரி பண்ண வந்திருக்கேன்னு யார் வந்தாலும் கம்பெனிக்கு ஒரு ஃபோன் போட்டுக் கேளுங்க. கேக்காம குடுக்காதீங்க. நானே வந்து கேட்டாலும் குடுக்காதீங்க."

அதற்குப் பிறகு அடிக்கடி வந்தான். நான்தான் கூப்பிட்டேன். காகித ரோல் மாட்டத் தெரியவில்லை என்பேன், ரசீது வெளிறி வருகிறது என்பேன். கம்பெனிக்குச் சொல்லாமல் அவன் எண்ணுக்கே கூப்பிடுவேன். வழியில் இருந்தால் வந்துவிடுவான். நான் கேட்பதற்கெல்லாம் நின்று பதில் சொல்லுவான். மெஷினைத் திறந்தால் என்ன ஆகும் என்று ஒரு நாள் கேட்டேன். யாராவது திறந்தால் தனக்குள் இருக்கும் ரகசியத்தையெல்லாம் தானே அழித்துவிட்டுப் பூட்டிக்கொள்ளும், அப்புறம் எதற்கும் உதவாது என்றான். மனிதர்களுக்கும் அப்படி ஒரு ஏற்பாடு இருந்தால் எவ்வளவு நிம்மதி என்றேன். ரொம்ப நேரம் சிரித்தான். என் பேச்சுக்குச் சிரிக்கிறவர்கள் குறைவு. அவன் வருகிற நாளில் மேசையைக் கொஞ்சம் நன்றாகத் துடைத்து வைப்பேன். அதில் தவறு ஒன்றும் இல்லை. மருத்துவ இடம் சுத்தமாக இருக்க வேண்டும்.

பிறகு ஒரு நாள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு உள்ளே வந்தவன், "அத்தை, மெஷின் எப்படி ஓடுது?" என்றான்.

நன்றாக ஓடுகிறது என்றேன். அவன் பார்வை என் தலைக்கு மேலே, பார்வை அளக்கும் அறைக் கதவுக்குப் போயிற்று. அக்கா எப்போது அத்தையாகிறாள் என்பது உங்களுக்கும் தெரியும். அண்ணன் மகள் என்னை என்ன முறை வைத்துக் கூப்பிடுகிறாளோ, அதை அவன் கடன் வாங்கியிருந்தான்.

அன்று சாயங்காலம் தலை வாரும்போது அவளே சொன்னாள்.

"அத்தை, அவரை எனக்குப் பிடிச்சிருக்கு. அப்பாகிட்ட நீங்கதான் பேசணும்."

பேசுகிறேன் என்றேன். பேசவும் செய்தேன். அண்ணன் வழக்கம்போல 'நீ பாத்து செய்' என்றார்.

இதற்கு முன்னால் அவளைக் கேட்டு வந்தவர்கள் தாங்களாகவே விலகிப் போனார்கள். முதலில் வந்த மாப்பிள்ளையின் அம்மாவிடம், எங்கள் குடும்பத்தில் பெண்களுக்கு முப்பது தாண்டினால் பார்வை மங்கும் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னேன். கண் கிளினிக்கில் இருக்கிறவள் சொன்னால் யாரும் மறுபடி விசாரிப்பதில்லை. அடுத்து வந்தவர்களிடமும் அதையே சொன்னேன். ஒன்று வேலை செய்யும்போது எதற்கு மாற்ற வேண்டும். ஆனால் இந்தப் பிள்ளையிடம் அது எடுபடாது. நேராக அவளிடமே போய்க் கேட்டுவிடுவான். அப்படிப்பட்ட ஆள்.

அவளுடைய பிறந்தநாளுக்கு அவன் ஒரு வாழ்த்து அட்டை கொடுத்திருந்தான். திறந்தால் பாடும். துணி அலமாரியில் அடியில் ஒளித்து வைத்திருந்தாள். பாடுகிற பொருளை ஒளித்து வைப்பதில் என்ன பிரயோஜனம். தினமும் காலையில் சமையலறையில் நிற்கும்போது இரண்டு வரி கேட்கும், சட்டென்று நிற்கும். அவள் கடைக்குப் போயிருந்தபோது அட்டையின் ஓரத்தைப் பிரித்தேன். உள்ளே நகம் அளவுக்கு ஒரு சின்னப் பலகை, கம்பிகள், பட்டன் பேட்டரி. எடுத்துக்கொண்டு அட்டையைப் பழையபடி ஒட்டி வைத்தேன். மறுநாள் காலையில் பாட்டு வரவில்லை. முகம் வாடி நின்றாள். பேட்டரி தீர்ந்திருக்கும், இதெல்லாம் எத்தனை நாள் வரும் என்று நான்தான் சமாதானம் சொன்னேன்.

பிறகு அவனைக் கூப்பிட்டேன். காகிதம் சிக்கிக்கொண்டது என்றேன். பக்கத்துப் பல் கிளினிக்கில் வேலையாக இருந்தவன் நடுவில் ஓடி வந்தான். கையை நீட்டியவன், வழக்கத்துக்கு மாறாக, கம்பெனிக்கு ஃபோன் போட்டீங்களா என்று கேட்டான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வேலையில் இப்படி ஒரு கவனம் வேண்டும். போட்டுவிட்டேன் என்றேன். நம்பினான். இங்கே வெளிச்சம் போதாது, உள்ளே கொண்டுபோய்ப் பார் என்று பார்வை அளக்கும் அறைக்கு அனுப்பினேன். கதவு பாதி மூடியிருந்தது. உள்ளே இரண்டு பேரும் எதற்கோ சிரித்தார்கள். அவன் மெஷினைக் கொண்டுவந்து தாங்கியில் வைத்துவிட்டு, ஒன்றும் இல்லை அத்தை, சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனான்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் கூடம் காலியாக இருந்தது. கண்ணாடிச் சட்டத்துக்கு ஆணி முறுக்குகிற சின்ன ஸ்க்ரூடிரைவரை எடுத்து மெஷினின் இடுக்கில் விட்டு நெம்பினேன். சீல் கிழிந்தது. மூடி திறந்ததும் திரையில் சிவப்பாக ஒரு வரி வந்து மெஷின் உறைந்துபோயிற்று. அவன் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை சரி. பாட்டுப் பலகையை உள்ளே செருகி மூடினேன். கை கழுவிவிட்டுச் சாப்பிட்டேன். அன்றைக்குக் குழம்பில் உப்பு கொஞ்சம் தூக்கல்.

அதன் பிறகு அவன் சொல்லிக்கொடுத்தபடியே கம்பெனிக்கு ஃபோன் போட்டேன். காலையில் உங்கள் ஆள் வந்தார், மெஷினை உள்ளறைக்குக் கொண்டுபோனார், இப்போது சீல் கிழிந்திருக்கிறது என்றேன். அவரை நாங்கள் அனுப்பவே இல்லையே என்றார்கள். எனக்கு எப்படித் தெரியும், தெரிந்த பிள்ளையாயிற்றே என்றேன். ஒரு வார்த்தைகூட மிகைப்படுத்தவில்லை.

உள்ளே யாரோ களவுக் கருவி வைத்திருக்கிறார்கள் என்று முடிவாயிற்று. நோயாளிகளின் கார்டுகளைத் திருடப் பார்த்தான் என்று உங்கள் போலீஸ்காரர்கள் அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவன் மெஷின் மாட்டிய கிளினிக்குகளுக்கெல்லாம் எச்சரிக்கை போயிற்று. எல்லாம் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. வீட்டில் அவள் பேசவில்லை, சாப்பிடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டிவிட்டேன். ரொம்ப நாளைக்குப் பிறகு என் கையால் சாப்பிட்டாள். அந்தச் சில நாட்கள் எங்கள் வீடு பழையபடி இருந்தது.

நடுவில் அவனுடைய அம்மா கிளினிக்குக்கு வந்தார். இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷனுக்கு எங்களிடம்தான் தேதி வாங்கியிருந்தான் பிள்ளை. எப்போதும் அவன் கையைப் பிடித்துக்கொண்டு வருகிறவர், அன்றைக்குச் சுவரைத் தடவிக்கொண்டு தனியாக வந்தார். மேசையைக் கண்டுபிடிக்க முடியாமல் தண்ணீர்க் குடத்திடம் வணக்கம் சொன்னார். நான்தான் இந்தப் பக்கம் திருப்பினேன்.

"நாளைக்கு ஆபரேஷன்னு சொன்னாங்கம்மா. பையன் வர முடியல. நான் தனியா வந்தா செய்வாங்களா?"

தேதியை நான் ஏற்கெனவே வேறு ஒருவருக்குக் கொடுத்திருந்தேன். கூட ஆள் இல்லாமல் செய்வது பாதுகாப்பில்லை, சொல்லி அனுப்புகிறேன் அம்மா என்றேன். தலையை ஆட்டினார். கையைப் பிடித்து வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டேன். படி இருக்கிறது என்றும் சொன்னேன்.

மீதி உங்களுக்குத் தெரியும். நீங்கள் மெஷினைத் திறந்து, அந்தப் பலகையை இடுக்கியால் எடுத்து மேசையில் வைத்தீர்கள். இத்தனை அதிகாரிகள் சூழ்ந்து நிற்க அது பிறந்தநாள் வாழ்த்துப் பாடியது. ஒருவர் தாளம்கூடப் போட்டதாகக் கேள்வி. பாட்டைக் கேட்டதும் அவனுக்குப் புரிந்துவிட்டது, அது தான் கொடுத்த அட்டை என்று. அட்டை அவளிடம் இருந்தது. அவளை மாட்டிவிடக் கூடாதென்று உடனே, நான்தான் வைத்தேன் என்று ஒப்புக்கொண்டான். செய்தி கேட்டு ஓடி வந்தவள், அட்டை என்னுடையது, நான்தான் வைத்தேன் என்றாள். என்னைக் காட்டிக் கொடுத்திருக்கலாம். அட்டை இருந்த இடம் தெரிந்தது வீட்டில் இன்னொருத்திக்குத்தான். ஆனால் அவளுக்கு என்மேல் சந்தேகமே வரவில்லை. அவளை அப்படி வளர்த்திருக்கிறேன்.

ஒரே வேலையை இரண்டு பேர் செய்ததாகச் சொல்லி, இரண்டு பேருமே எப்படிச் செய்தோம் என்று சொல்லத் தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தால் உங்களுக்கும் கஷ்டம்தானே. ஆகவே நானே வந்து, உங்கள் வாசலில் நுழைந்ததுமே சொல்லிவிட்டேன். மெஷினை நெம்பினது நான், பலகையை வைத்தது நான், பொய் சொன்னது நான். அந்தப் பிள்ளை எதுவும் செய்யவில்லை, அவளும் செய்யவில்லை. எங்கே கையெழுத்து வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன். செய்யாத காரியத்துக்கு என் வீட்டுப் பெண் பேர் வாங்க நான் விட மாட்டேன்.

அவளை வெளியே உட்காரச் சொல்லுங்கள், சேர்ந்தே போய்விடுகிறோம். பசியோடு இருப்பாள்.

போய்விட்டாளா. அவனையும் விட்டுவிட்டீர்களா, அவனோடா. அவன் அம்மாவுக்குத் துணையாக அவர்கள் வீட்டிலேயே இருக்கப் போகிறாளாமா. என்னிடம் சொல்லச் சொன்னது அவ்வளவுதானா. துணியெல்லாம் எங்கள் வீட்டிலேயே இருக்கட்டும் என்றாளாமே. பார்த்தீர்களா, திரும்பி வருகிற எண்ணம் இல்லாதவள் துணியை விட்டுவிட்டுப் போவாளா.

நான் கவலைப்படவில்லை. அந்த அம்மாவின் கண் ஆபரேஷனுக்கு மறுபடி தேதி வாங்க வேண்டும். அதற்கு அவள் முன்மேசைக்குத்தான் வந்தாக வேண்டும். நாளைக்குக் காலையில் கிளினிக் திறக்கும்போது நான் அங்கேதானே உட்கார்ந்திருப்பேன்.