ரெட்டை வேகம்

— பல்பா?

— பல்புதான். குளியலறை பல்பு போயிருச்சு, வெள்ளை வாங்கவா மஞ்சள் வாங்கவா. உங்கண்ணன் கடைசியா என்கிட்ட கேட்டது அவ்வளவுதான்.

— நீங்க என்ன சொன்னீங்க அண்ணி?

— பதிலுக்குக் கட்டைவிரல் படம் போட்டேன்.

— வெள்ளையா மஞ்சளான்னு கேட்டா கட்டைவிரலா? அண்ணன் ரெண்டையும் வாங்கிட்டு வந்திருப்பான்.

— அதை அவரு பாக்கவே இல்ல.

— ம்... அந்த வாய்ஸ் மெசேஜைக் கேக்கத்தான் வந்தேன் அண்ணி. ஒரே ஒரு தடவை போடுங்க. குரல் மறந்துடும்போல இருக்கு.

— உன்கிட்ட இல்லாத குரலா?

— போன் மாத்தினேன். பழசெல்லாம் போச்சு.

— இரு, டீ போடறேன்.

— பேச்சை மாத்தாதீங்க. உங்க போன் எங்க?

— செருப்பு ஸ்டாண்ட் மேல ஒரு டப்பா இருக்கு பாரு. வேலை விட்டு வந்ததும் அதுல போட்டு மூடிடுவேன்.

— யாரு, நீங்களா? பல் தேய்க்கும்போதும் போனைக் கீழ வைக்காத ஆளு!

— அதே ஆளுதான். இப்ப எல்லாமே மெதுவாத்தான் நடக்குது. சாப்பிட அரைமணி ஆகுது. பன்னெண்டு வருஷமா இந்த வீட்டுல இருக்கேன், இந்தக் கடிகாரத்துக்குச் சத்தம் உண்டுன்னு போன வாரம்தான் தெரிஞ்சுது.

— ஆபீஸ்ல?

— அங்கயும் அப்படித்தான். ஜனங்க போன் பண்ணி எங்க ஆளுங்களைத் திட்டுவாங்க இல்ல, அந்தப் பதிவைக் கேட்டு மார்க் போடறதுதானே என் வேலை. எல்லாரும் ரெட்டை வேகத்துல வச்சுத்தான் கேப்போம். நான் இப்ப சாதா வேகத்துல கேக்கறேன். ஒரு நாளைக்கு நூறு முடிக்கணும், அம்பதுதான் ஆகுது. தூக்கம் வருதாம்மான்னு சூப்பர்வைசர் கேக்கறாரு.

— அவர் கெடக்காரு. உங்களுக்கு நிம்மதியா இருக்கில்ல?

— இருக்கு. அதான் உறுத்துது. கொஞ்ச நேரம் சும்மா உக்காரேன்னு அவரு எத்தனை வருஷம் கேட்டாரு. இதோ, உக்காந்திருக்கேன். பக்கத்து நாற்காலி காலி.

— அழாதீங்க அண்ணி. மெசேஜைப் போடுங்க. ரெண்டு பேரும் சேந்தே அழுவோம்.

— வேணாம்மா.

— ஏன்? உங்களுக்கு முன்னாடி இருபது வருஷம் என்கூடச் சண்டை போட்டவன் அவன்.

— கேட்டா நீ என்கூடப் பேசமாட்ட.

— பல்பு மெசேஜைக் கேட்டா?

— சரி. போய் எடுத்துட்டு வா. மூடி கொஞ்சம் இறுக்கம்.

— இந்தாங்க.

— குறுக்க பேசாம கேளு. போடறேன்.

— மேனேஜரம்மா, நான்தான் பேசறேன்.

— ஐயோ, அண்ணன்!

— ஷ்ஷ்.

— அவசரமில்ல, பொறுமையா கேளு. குளியலறை பல்பு போயிருச்சு. வரும்போது வாங்கிட்டு வரேன். வெள்ளையா... மஞ்சளா? ஆறாவது மாடியில நிக்கறேன். லிஃப்ட் ஓடல. ஓடினா மெக்கானிக்கை எதுக்குக் கூப்பிடப் போறாங்க... படி ஏறித்தான்... வந்தேன்...

— ஏன் அண்ணி நின்னுடுச்சு?

— நிக்கல. ஓடிட்டுதான் இருக்கு. காதைக் கிட்ட வை.

— மூச்சு வாங்கறான்.

— ம்.

— ...கொஞ்சம் உக்காந்துக்கறேன். தங்கச்சிக்கும் ஒண்ணு அனுப்பியிருக்கேன்... வேலையா இருக்காளாம், பாவம்... சரி, பல்பு என்னன்னு சொல்லு. வச்சிடறேன்.

— அண்ணி...

— மூணு நிமிஷம். அதுல நாப்பது செகண்டு வெறும் மூச்சு. அன்னிக்கு நான் இதை ஒன்றரை நிமிஷத்துல கேட்டேன். கை பழகிப்போச்சு, யாரு பேசினாலும் வேகத்தைக் கூட்டிடும். அந்த வேகத்துல எல்லாருக்கும்தான் மூச்சு வாங்கும்! என் காதுல விழுந்தது பல்பு மட்டும்தான். முகம் தெரியாதவன் போன்ல இருமினாக்கூட குறிச்சு வைக்கறவ நான்.

— உங்களுக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும்?

— பதினொண்ணு இருபதுக்குக் கேட்டேன். அந்தக் கட்டட வாட்ச்மேன் படியில அவரு கெடக்கறதைப் பாத்தப்ப பன்னெண்டேகால். அம்பத்தஞ்சு நிமிஷம். என் ஆபீஸ் அங்கேருந்து ரெண்டு தெரு தள்ளி.

— டாக்டரைக் கேட்டீங்களா? முன்னாடியே போயிருந்தா...

— கேக்கல. கேட்டா சொல்லிடுவாரு. நாப்பது நாளா வாசலைப் பாத்துட்டே இருந்தேன். உனக்கும் அனுப்பினதாச் சொல்றாரே. நீ சாதாவா கேட்டிருப்ப. மூச்சு வாங்கறது புரிஞ்சிருக்கும். நீ அஞ்சு மணி நேரத் தூரத்துல இருந்த, உன்னால ஒண்ணும் முடியாது. பக்கத்துல இருந்த நீங்க என்ன பண்ணினீங்கன்னு வந்து கேப்பன்னு நெனச்சேன். கேளு. திட்டு. நான் எதுவும் சொல்லமாட்டேன்.

— நான் போன் மாத்தல அண்ணி.

— என்ன?

— பொய் சொன்னேன். அதே போன்தான். அன்னிக்கு ரெண்டு தடவை கூப்பிட்டான். கட் பண்ணிட்டேன். வேலையா இருக்கேன், வாய்ஸ் போடுன்னு எழுதினேன். வேலையும் இல்ல ஒண்ணும் இல்ல. கட்டில்ல படுத்துக்கிட்டு யார் யாரோ வீட்டு வீடியோவைத் தள்ளித் தள்ளிப் பாத்துட்டிருந்தேன். சாயந்தரம் கேட்டுக்கலாம்னு விட்டேன். அப்புறம் நீங்க போன் பண்ணினீங்க.

— அப்ப எதுக்கும்மா இதைக் கேக்க வந்த?

— உங்ககிட்ட என்னைப் பத்தி எதாவது சொல்லியிருப்பானோன்னு. கோவமா இருந்தானான்னு.

— கோவமே இல்லையே. பாவம்னுதானே சொன்னாரு.

— அதான் அண்ணி தாங்கல.

— சரி, சரி. கண்ணைத் தொடை. உனக்கு என்ன சொல்லி அனுப்பினாரு?

— நீங்களே பாருங்க. நாலு நிமிஷம் பன்னெண்டு செகண்டு. கேக்காத மெசேஜுக்கு ஓரத்துல ஒரு பச்சைப் புள்ளி வரும்ல, அது இன்னும் அப்படியே இருக்கு.